விரல் நீட்டாத கிளையும் உதிர்ந்தது

என் வலது கை ஆள்காட்டி விரலிடம் இன்று வரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் நல்ல சுகத்தோடு கிள்ளானில்தான் இருக்கிறார்கள். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் முறுக்கு தருகிறார்கள், படிப்பு எப்போது முடியும் என்று விசாரிக்கிறார்கள். விரலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நானாகப் பேச்சை எடுத்தால், "இன்னுமா அதையே நெனச்சிக்கிட்டு இருக்கே?" என்று சிரிக்கிறார்கள். ஆமாம், இன்னும்தான். ஒரு மாமரம் பிஞ்சு உதிர்த்ததற்குப் பத்து வயதுப் பெண்ணின் விரலைக் குற்றவாளியாக்கி, அதற்கு மஞ்சள் துணி சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய குடும்பம் இது. இதை நினைக்காமல் வேறு எதை நினைப்பதாம்?

எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாமே வரிசை வீடுகள். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். முன்னால் ஒரே ஒரு கார் நிற்கிற போர்ச். அதன் ஓரத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண். அந்த மண்ணில்தான் மரம் நின்றது. அம்மாவின் மரம். அம்மா அப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒரு நாள் வேலை விட்டு வரும்போது சாலையோர நர்சரியில் ஒட்டு மாங்கன்று ஒன்றை வாங்கி, தொழிற்சாலை பஸ்ஸில் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டே வீடு வரை வந்திருக்கிறார். "என்னக்கா, புள்ளைக்குப் பால் குடுத்தாச்சா?" என்று பஸ் முழுக்கக் கேலியாம். அந்தக் கேலியை எங்களிடம் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் பெருமைதான் இருந்தது. அம்மாவுக்கென்று அந்த வீட்டில் வேறு என்ன இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். தையல் மிஷின் ஒன்று. அதன் மேலும் அப்பாவின் ஹெல்மெட்தான் உட்கார்ந்திருக்கும்.

மரம் வளர்ந்தது, பூக்கவில்லை. அந்த நேரம் பார்த்து அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வேலை மாறி எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார். கூடவே அவருடைய பழைய கார் ஒன்றும் குடிவந்தது. போர்ச்சில் அப்பாவின் கார். சித்தப்பாவின் காருக்கு ரோட்டோரம்தான் கதி. ரோட்டோரம் என்றால் பக்கத்து வீட்டு கேட்டுக்கு முன்னால். பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆன்டி. தினமும் காலையில் அவர் தன் காரை வெளியே எடுக்க முடியாமல் நின்று, "இனி கெரேத்தா சியாப்பா புன்யா?" என்று மலாயில் தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுப்பார். யாருடைய கார் என்று அவருக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். சித்தப்பா எழுந்திருக்க மாட்டார். போர்ட் கிள்ளானில் விடிய விடிய லோரி ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் கண்ணயர்ந்த அப்பா, கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "சோரி ஆன்டி, சோரி" என்று ஓடுவார்.

எத்தனை நாள்தான் ஓடுவார்? மண்ணைத் தோண்டி, மரத்தை எடுத்துவிட்டு, சிமெண்டு போட்டால் இரண்டு காரும் உள்ளே நிற்கும் என்று ஒரு நாள் சொன்னார். அம்மா விடவில்லை. இழுபறி முற்றிக் கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. "இந்தத் தடவ காய்ச்சுச்சுன்னா மரம் நிக்கட்டும். இல்லன்னா சிமெண்டு" என்றார் அப்பா.

"காய்க்கும். பாருங்க" என்றார் அம்மா.

நம்பவே மாட்டீர்கள், அந்த வருடம் பூத்தது. சில வாரம் மழையே இல்லாமல் வெயில் கொளுத்திய பிறகு, இலை தெரியாத அளவுக்குப் பூ. வீட்டுக்குள் ஒரு வாசம், வாசலில் ஒரே ஈ மயம். பூ கொட்டி, குண்டூசித் தலை அளவில் பிஞ்சு தெரிந்தது. அப்புறம் பட்டாணி அளவு. அப்புறம் என் கட்டைவிரல் அளவு. நான் அந்த மரத்தின் பொறுப்பாளராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். பள்ளி விட்டு வந்ததும் சீருடைகூட மாற்றாமல் அடியில் போய் நிற்பேன். இலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற பிஞ்சுகளெல்லாம் எனக்கு முகம் தெரிந்த பிஞ்சுகள்.

ஒரு சாயங்காலம் பின் வரிசையிலிருந்து என் தோழி வந்தாள். மரம் இருக்கிற வீட்டுக்காரி இல்லையா நான்? "அங்க பாரு! அந்த இலைக்குக் கீழ ஒண்ணு! மேல பாரு, மூணு சேந்தாப்புல!" என்று விரலை நீட்டி நீட்டிக் காட்டினேன்.

ஜன்னலிலிருந்து அம்மா கத்தினார். "அடியேய்! விரல மடக்குடி! பிஞ்ச விரல் நீட்டிக் காட்டலாமா? கடி, விரலக் கடி!"

இந்தச் சட்டம் பல வீடுகளில் உண்டு. பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அது வெம்பும், அழுகும், உதிரும். காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கி முட்டியால் காட்டவேண்டும், இல்லையென்றால் மோவாயால். தவறி நீட்டிவிட்டால் உடனே விரல் நுனியைக் கடித்துக்கொள்ள வேண்டும். நான் கடித்தேன். ஒன்றையுமே காட்டாத என் தோழியும் பயத்தில் தன் விரலைக் கடித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேரும் இன்னொரு தடவை கடித்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் பெருமழை. மறுநாள் காலை போர்ச் முழுக்கப் பிஞ்சு. அதற்கு மறுநாளும். அம்மா கூட்டிக் கூட்டி ஓரத்தில் குவித்தார். மழை நின்ற பிறகும் உதிர்வது நிற்கவில்லை. காற்றே இல்லாத மத்தியானத்திலும் கார் கூரை மேல் டொக் என்று சத்தம் கேட்கும். அப்பா ஒன்றும் சொல்லாமல் இடுப்பில் கைவைத்து மரத்தை அண்ணாந்து பார்ப்பார். பேசுகிற வேலையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, பூத்துச்சு, காய்ச்சுது, கொட்டிருச்சு. கத முடிஞ்சுது லா. கண்ட்ராக்டரக் கூப்புடு."

அப்போதுதான் அது நடந்தது. நான் மேசையில் உட்கார்ந்து ரொட்டியை மைலோவில் தோய்த்துக்கொண்டிருந்தேன். அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து சொன்னார்: "மரத்துல ஒரு குத்தமும் இல்ல. காய்ச்சுச்சா இல்லையா? கண்ணால பாத்தீங்கல்ல? இவ விரல நீட்டி நீட்டித் தெருவுக்கே காட்டுனா பிஞ்சு எப்படி நிக்கும்? மரம் என்னா பண்ணும், பாவம்?"

மரம் பாவமாம்! தோய்த்த ரொட்டி மைலோவுக்குள்ளேயே உடைந்து விழுந்தது. பெற்ற தாய், சொந்த மகளை, ஒரு மரத்துக்காக, எல்லார் முன்னாலும்! நான்தான் கடித்தேனே, இரண்டு தடவை கடித்தேனே என்று கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்பாவும் அந்தச் சட்டத்தோடு வளர்ந்தவர்தான். என் விரலைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "சரி. அப்ப அடுத்த தடவ பாப்போம். அது வரைக்கும் அந்த விரலக் கட்டிப் போடு" என்றார். பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா முழுசாக எடுத்துக்கொண்டார். பழைய புடவையில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சளில் நனைத்து, என் விரலில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார்.

மறுநாள் பள்ளியில் ஆசிரியை, "விரல்ல என்னம்மா காயம்?" என்று பரிவோடு கேட்டார். நான் ஒரு முட்டாள், உண்மையைச் சொன்னேன். வகுப்பு வெடித்தது. ஓய்வு நேரத்தில் நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்துப் பையன்கள், "ஏய், காட்டாத, காட்டாத! நான் இன்னும் பழுக்கல!" என்று அலறிக்கொண்டு நாக்கைத் தள்ளித் தரையில் விழுந்தார்கள். பந்து விளையாடும்போது, "அவளக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நிக்க வை, கோல் கீப்பர் தானா உதுந்துருவான்" என்றான் ஒருவன். கண்டீன் ஆன்டிகூட நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நீட்டும்போது என் விரலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார். அந்த வாரம் எனக்குப் பெயரே இல்லை. மாங்கா விரல். அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் அறிவியல் பாடம் என்னைத் தூக்கி நிறுத்தியது. ஆசிரியை இரண்டு அவரைச் செடிகளைக் கொண்டுவந்தார். ஒன்றைப் பெட்டிக்குள் மூடினார், ஒன்றை ஜன்னலில் வைத்தார். எதை மாற்றுகிறோம், எதை மாற்றாமல் வைக்கிறோம், எதைக் கவனிக்கிறோம் என்று கேட்டார். ஒன்றுதான் காரணம் என்று சொல்லவேண்டுமானால், அது இருக்கிற இடத்தையும் இல்லாத இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். கட்டுப்போட்ட விரலோடு உட்கார்ந்திருந்த எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அன்று மாலையே ஆரம்பித்தேன். மரத்தில் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கிளை, சுவர்ப் பக்கம் ஒரு பெரிய கிளை. ரோட்டுப் பக்கக் கிளையைத் தினமும் காலையிலும் மாலையிலும் விரல் நீட்டிக் காட்டுவது. சுவர்ப் பக்கக் கிளையிடம் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வது, மோவாயைக்கூடத் தூக்காமல் இருப்பது. எது எந்தக் கிளையிலிருந்து விழுந்தது என்று தெரியவேண்டுமே? வீட்டிலிருந்த ஓட்டைக் குடைகள் இரண்டை விரித்து, தலைகீழாக ஒவ்வொரு கிளைக்கும் அடியில் கட்டித் தொங்கவிட்டேன். விழுவது அதில் விழும். அதைக் கிளைக்கு ஒன்றாக இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்களில் சேர்த்து வைப்பேன்.

"என்னாது, மரத்துக்கு மழ பேஞ்சா நனையாம இருக்கவா?" என்றார் சித்தப்பா.

"அறிவியல்" என்றேன்.

பள்ளி வேன் ஹார்ன் அடிக்கிற வரை துணியை அவிழ்த்து ஒவ்வொரு பிஞ்சாகக் குறிபார்த்து நீட்டுவேன். அவ்வளவு கோபத்தோடு யாரும் எந்த மாங்காயையும் காட்டியிருக்க மாட்டார்கள். ஹார்ன் கேட்டதும் திரும்பக் கட்டிக்கொண்டு ஓடுவேன். இதில் ஒரே இடைஞ்சல் அம்மா. வேலைக்குப் போகிற அவசரத்திலும் குடைகளை அவிழ்த்துச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். நான் வந்து திரும்பக் கட்டுவேன். ஒரு தடவை ஒரு குடையில் சேர்ந்திருந்த பிஞ்சையெல்லாம் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா என் சாட்சிய அழிக்கிறீங்க?" என்று அழுதேன். "போதும்டி உன் அறிவியலு. பேசாம விரலக் கட்டிக்கிட்டு இரு. கொஞ்ச நாள்தான்" என்றார். குற்றம் சாட்டியவர்களே சாட்சியைக் கலைக்கிறார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. குப்பையைக் கிளறிப் பிஞ்சுகளைப் பொறுக்கி அந்தக் கிளையின் டப்பாவில் போட்டு வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கு விசாரணைக்கு வந்தது. அப்பா போர்ச்சில் கார் கழுவிக்கொண்டிருந்தார். சித்தப்பா காபி மங்கோடு படியில் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு டப்பாவையும் கொண்டுபோய்க் கார் பானெட் மேல் வைத்தேன். ஆசிரியை மாதிரியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். இது நான் தினமும் விரல் நீட்டிய கிளை. இது நான் ஒரு தடவைகூட நீட்டாத கிளை. நீட்டாத கிளையும் உதிர்ந்தது. பாருங்கள், கொஞ்சம் அதிகமாகவே உதிர்ந்தது. அதோ ரோட்டுப் பக்கக் கிளையின் நுனியில் ஒன்றே ஒன்று இன்னும் நிற்கிறது. அதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் காட்டினேன். விரலால் உதிர்வதாக இருந்தால் அதுதானே முதலில் போயிருக்க வேண்டும்?

அப்பா ஸ்பாஞ்சை வாளியில் போட்டார். டப்பாக்களைச் சாய்த்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "இங்க வா, உன் பொண்ணு என்னா செஞ்சிருக்கா பாரு!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அம்மா ஈரக் கையோடு வந்து கதவில் நின்றார். அவருக்காக இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக, எல்லாவற்றையும் சொன்னேன்.

"வக்கீலுக்குப் படிக்க வச்சிரலாம் லா இவள" என்றார் அப்பா. "அப்ப விரல்ல குத்தம் இல்ல?"

"இல்லப்பா."

"நிச்சயமா?"

"நிச்சயமா!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்த்தார். "அப்ப மரந்தான் சரியில்ல."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல அண்ணே" என்றார் சித்தப்பா.

"சின்னப் புள்ள, ஏதோ வெளையாட்டா..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"வெளையாட்டா? எவ்ளோ சுத்தமா நிரூபிச்சிருக்கா!" என்று அப்பா என் தலையைத் தடவினார். சோப்பு நுரை என் நெற்றியில் வழிந்தது. கிரீடம் வைத்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அம்மா உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

அந்த வாரமே ஒரு சின்ன லோரியில் ஆட்கள் வந்தார்கள். கிளைகளை பாராங் கத்தியால் கழித்து, அடிமரத்தை மிஷினால் அறுத்து, வேரைத் தோண்டி, சிமெண்டு போட்டார்கள். சித்தப்பாவின் கார் உள்ளே வந்தது. பக்கத்து வீட்டு ஆன்டி ஒரு பை ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்துச் சிரித்தார். கொஞ்ச காலத்தில் சித்தப்பா கல்யாணம் பண்ணிக்கொண்டு பூச்சோங்கில் வீடு வாங்கி, காரோடு போய்விட்டார். இப்போது அந்தச் சிமெண்டின் மேல் துணி காயப்போடுகிற கம்பியும் ஓடாத ஒரு பிரிட்ஜும் நிற்கின்றன. கேட்டால் யாருக்கும் வெட்கமில்லை.

நான் வக்கீலுக்குப் படிக்கவில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் அறை எடுத்துத் தங்கிப் பயிரியல் படிக்கிறேன். போன வருடம் ஒரு வகுப்பில், பழ மரங்கள் பிஞ்சு உதிர்ப்பதைப் பற்றி விரிவுரையாளர் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே போனார். என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மரம் தன்னால் வளர்க்க முடிவதைவிடப் பல மடங்கு பூக்கும், பல மடங்கு பிஞ்சு பிடிக்கும். பிறகு தன் சோற்றுக் கணக்கைப் பார்த்து வேண்டாததைக் கழித்துவிடும். உள்ளே விதை சரியாக உருவான பிஞ்சு, நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று காம்பு வழியே சேதி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். சேதி பலவீனமானால் காம்பில் ஒரு மெல்லிய வெட்டு தானாக விழும், பிஞ்சு கழன்றுகொள்ளும். வெயிலில் காய்ந்து திடீரென்று மழை கொட்டினால் இன்னும் கொட்டும். முதல் முறை காய்க்கிற இளமரம், தன் வேரையும் கிளையையும் வளர்க்கவே சோறு போதாமல், ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டுவிடும். அடுத்த வருடம் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம்.

அதாவது குற்றமே நடக்கவில்லை! குற்றம் நடக்காத வீட்டில் நாங்கள் அத்தனை பேரும் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். விரலா மரமா, விரலா மரமா என்று. அந்த ஒற்றைப் பிஞ்சு நுனியில் நின்றதே, அது மரம் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டது. அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? என் டப்பாக்களைப் பார்த்துப் பூரித்துப்போன ஒருவருக்காவது, பிஞ்சு உதிர்வது தப்புத்தானா என்று கேட்கத் தோன்றவில்லையே!

வகுப்பு முடிந்ததும் அம்மாவுக்கு போன் போட்டுக் கத்தினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ம்ம்" என்றார். அவ்வளவுதான்.

"என்னாம்மா ம்ம்? என் விரலால இல்லன்னு இப்பவாவது ஒத்துக்குறீங்களா?"

"உன் விரலால இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மரம் ஏன் கொட்டுச்சுன்னு எனக்கு எங்கடி தெரியும்? எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும், அவ்ளோதான். உங்கப்பா நம்புற மாதிரி வேற என்னா சொல்றது?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல!"

"சொன்னா? நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இருப்பியா?" என்று சிரித்தார். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டார். பாருங்கள், இதிலும் பழி எனக்குத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை மட்டும் இப்போதெல்லாம் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. மரம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அம்மா வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டு, என்னை வாசலில் கூப்பிட்டு நிறுத்தினார். விரல் துணியை அவிழ்க்கப் பார்த்தார். நான் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியதில் முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். மஞ்சள் ஏறி, உள்ளே வெளுத்துச் சுருங்கிக் கிடந்த விரலைக் கொஞ்ச நேரம் தன் கைக்குள் வைத்திருந்தார். பிறகு அதை நிமிர்த்தி, ரோட்டுப் பக்கக் கிளையின் நுனிக்கு நேராக அவரே நீட்டிப் பிடித்தார்.

"இனிமே எவ்ளோ வேணும்னாலும் காட்டு" என்றார்.

தெருமுனையில் தொழிற்சாலை பஸ் ஹார்ன் அடித்தது. அம்மா ஓடினார். அன்று அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஜெயித்த விரலை அந்த ஒற்றைப் பிஞ்சுக்கு நேராக நீட்டியபடி, பள்ளி வேன் வருகிற வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.